உறக்கம் கலைத்த கலைஞர்: லூயி புனுவல்

கலைஞருள் இருவகையினர் உண்டு. காண்போரை மகிழ்விப்போர் ஒரு வகையினர்; காண்போரின் உறக்கத்தைக் கலைப்போர் மற்றொரு வகையினர். ஸ்பெயின் நாட்டுத் திரைப்பட இயக்குநர் லூயி புனுவல் இரண்டாம் வகையினருள் தலையாயவர்.

இவர் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் காலாண்டா என்னும் சிற்றூரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். கிறித்தவத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்றார். பின்னர் மாட்ரிட் நகரின் மாணவர் இல்லத்தில் தங்கிக் கல்வி கற்றார். கவிஞர் லோர்காவும் ஓவியர் டாலியும் அங்கே அவருக்கு நண்பர்களாயினர்.

1925இல் பாரிஸ் சென்ற அவரது வாழ்வை ஒரு திரைப்படம் திசை திருப்பியது. ஃபிரிட்ஸ் லாங் 1921இல் இயக்கிய ‘களைத்த மரணம்’ என்னும் ஜெர்மானியப் படமே அது. காதலனைக் கூற்றுவனிடம் பறிகொடுத்த பெண்ணொருத்தி அவனை மீட்க மூன்று வாய்ப்புகளைப் பெறுகிறாள். இசுலாமிய நகரம் ஒன்றிலும், வெனிசிலும், சீனத்திலும் நிகழும் மூன்று கதைகளிலும் அவள் தோற்கிறாள். உயிர் கவரும் தொழிலில் சலிப்புற்றவனாகவே கூற்றுவன் காட்டப்படுகிறான். திரைப்படம் பொழுதுபோக்கன்று, உள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் கருவி என்பதை அப்படம் புனுவலுக்கு உணர்த்தியது. அதன்பின் இயக்குநர் ழான் எப்ஸ்டைனிடம் உதவியாளராகச் சேர்ந்து அவர் தொழில் கற்றார்.

தாயார் தந்த பணத்தில் 1929இல் அவர் எடுத்த முதற்படம் ‘அந்தலூசிய நாய்’. டாலியோடு சேர்ந்து கனவுகளிலிருந்து அவர் பின்னிய கதை அது. பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தி கீறும் காட்சி கண்டோரைத் திடுக்கிடச் செய்தது. அடுத்து வந்த ‘பொற்காலம்’ 1930இல் திரையரங்கில் கலகத்தை விளைவித்துத் தடைக்கு உள்ளாயிற்று.

இவை அறிவாளர்க்கு விடுத்த அறைகூவல்கள் எனின், 1933இல் அவர் எடுத்த ‘அப்பமில்லா நிலம்’ நாட்டின் மனச்சான்றுக்கு விடுத்த அறைகூவல் எனலாம். லாஸ் ஊர்தெஸ் மலைப்பகுதி மக்களின் வறுமையைக் கூறும் ஆவணப்படம் அது. பரிசுச்சீட்டில் பணம் கிடைத்தால் படத்திற்குத் தருவேன் என்று விளையாட்டாகச் சொன்ன நண்பர் ரமோன் அசீன், பரிசு விழுந்ததும் சொன்ன சொல்லைக் காத்தார். சில காட்சிகள் படத்திற்கென்றே அமைக்கப்பட்டவை என்னும் குறையும் அப்படத்தின்மீது கூறப்படுவதுண்டு. எனினும் அது காட்டிய வறுமை பொய்யன்று. குடியரசு அரசே அதனைத் தடைசெய்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அசீன் சுட்டுக் கொல்லப்பட்டார், புனுவல் நாடிழந்தார்.

அமெரிக்காவில் சில ஆண்டுகள் அல்லலுற்று, 1946இல் மெக்சிகோ சென்ற அவர் 1949இல் அந்நாட்டுக் குடிமகனானார். டி சிகாவின் ‘ஷூ ஷைன்’ என்னும் இத்தாலியப் படத்தை அவர் பெரிதும் விரும்பினார். தெருச் சிறுவர்தம் துயர் கூறும் அப்படத்தைப் போன்றே மெக்சிகோ நகரச் சேரிச் சிறுவரைப் படமாக்க எண்ணினார். பழைய உடை உடுத்துச் சேரிகளில் பல மாதம் திரிந்தார். 1950இல் ‘மறக்கப்பட்டவர்கள்’ பிறந்தது. தாயன்புக்கு ஏங்கிய சிறுவனின் உடல் இறுதியில் குப்பைமேட்டில் வீசப்படுகிறது. நாட்டை இழிவுபடுத்திவிட்டார் என்று பலர் சினந்தனர். சில நாள்களிலேயே படம் அரங்கை விட்டு நீங்கியது. ஆனால் 1951இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை அவர் பெற்றதும் தூற்றியோரே போற்றினர்.

1961இல் தாயகத்தில் எடுத்த ‘விரிடியானா’ கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனையோலையைப் பெற்றது. சமயத்தைப் பழிப்பதாகக் கூறி பிராங்கோவின் அரசு அதனைத் தடைசெய்தது. 1977 வரை ஸ்பெயின் மக்கள் அதனைத் திரையரங்கில் காண இயலவில்லை. இறைநம்பிக்கையற்ற புனுவலின் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் ஏழையின் துயரை மறைக்காத அவரது நேர்மையை மதியாதிருத்தல் இயலாது.

1972இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதியவரான ஃபிரிட்ஸ் லாங்கை அவர் சந்தித்தார். அவருடைய படம் தம் வாழ்வை மாற்றிய வகையை எடுத்துரைத்து, கையொப்பமிட்ட புகைப்படம் ஒன்றை வேண்டிப் பெற்றார். அரசுகளுக்கு அஞ்சாத அந்த எழுபத்திரண்டு வயதுக் கலைஞர், தமக்குக் கண் திறந்தவர் முன் மாணவராகவே நின்றார். 1983 ஜூலை 29இல் மெக்சிகோ நகரில் அவர் மறைந்தார். துணிவும் நன்றியறிதலும் ஒருவரிடத்தே ஒருங்கே அமையக்கூடும் என்பதே மாணவர்க்கு அவர் வாழ்வு தரும் பாடமாகும்.