உழைப்பால் உயர்ந்த ஜி. டி. நாயுடு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கற்றவர் எல்லாம் பட்டம் பெற்றவர் அல்லர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பேருந்தில் இதைக் கண்கூடாகக் கண்டேன். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் எஞ்சினின் ஓசை சற்றே மாறியது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, பெல்ட் தளர்ந்திருப்பதைக் காதாலேயே அறிந்து சொன்னார். பள்ளி வாசலை மிதிக்காத என் தந்தையும் வயலில் ஓடும் ஆயில் எஞ்சினின் நோயை அப்படித்தான் சொல்வார். இத்தகையோர்க்கெல்லாம் முன்னோடி, கோவை தந்த அறிவியல் மேதை ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். தொடக்கக் கல்வியோடு பள்ளிப் படிப்பு நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பாடப்புத்தகம்!

1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்தத் தொழில் யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கினார். சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி எனப் பலவும் படைத்தார். 1952இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அரசின் உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது.

புதிய வண்டி எதுவும் குறையின்றிப் பிறப்பதில்லை. 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் செய்த காரைத் தம் மைந்தர் இருவருடன் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். மேட்டில் வண்டி ஏறவில்லை, மைந்தர் தள்ளினர். பிரேக் கட்டை தேய்ந்தது. வழியில் தோல் வைத்து அடிக்கச் செய்தார். அந்தக் குறைகளை அறிந்தே, பின்னர் மேடேறத் தனிக் கியர் சேர்க்கப்பட்டது. சாலைதான் வண்டிக்குத் தேர்வுக்கூடம். நாயுடுவின் காரோ மக்கள் கைக்கு வந்து, நம் சாலைகளில் குறை காட்டி, திருந்தி வளரும் வாய்ப்பை இழந்தது. தோற்றிருந்தாலும் வருந்த மாட்டோம். தேர்வெழுதவே விடவில்லையே என்பதுதான் வருத்தம்!

அவர் சோர்ந்துவிடவில்லை. தமக்குக் கிட்டாத கல்வி பிறர்க்குக் கிட்ட வேண்டுமென்று 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்ற உதவியிருந்தார். 1974 ஜனவரி 4இல் மறைந்தார். 2025இல் திறக்கப்பட்ட கோவை அவினாசி சாலை மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம்மை அனுப்பிய பெற்றோரின் கையறிவுக்கு நம் ஏட்டறிவு துணையாகட்டும். செய்முறைக் கூடத்தில் விடை தவறினால் அஞ்ச வேண்டாம்; குறையைக் கண்டவனே அதைத் திருத்தவும் வல்லவன்.