நாலு கம்பெனி மாறிய ஸ்டீயரிங்: ஹென்றி டொய்வோனென்

1981-ல் ராலி உலகத்துல ஒரு விசித்திரம் நடந்தது. டால்பாட் என்ற கம்பெனி அந்த வருஷம் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் தயாரிப்பாளர் பட்டத்தை ஜெயித்தது. ஜெயித்துக் கொடுத்த கார் சன்பீம் லோட்டஸ். அதே வருஷம்தான், சன்பீம் கார்களைச் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்தின் லின்வுட் தொழிற்சாலையை மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. சீசன் முடிந்ததும் உலக சாம்பியன்ஷிப்பில் ஓடிய அந்த டீமும் கலைந்தது. கப்பு கையில இருக்கு, கம்பெனி இல்ல!

அந்த டீமில் 25 வயசுப் பையன் ஒருத்தன் ஓட்டிக்கொண்டிருந்தான். பெயர் ஹென்றி டொய்வோனென். ஃபின்லாந்துக்காரன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. யூட்யூபில் குரூப் பி ராலி வீடியோ பார்த்தவங்களுக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த வீடியோக்களில் அவருடைய கடைசி நாள் மட்டும்தான் வரும். அதுக்கு முன்னாடி ஐந்து வருஷம் அவர் ஒவ்வொரு கம்பெனியாக மாறிக்கொண்டே இருந்த கதையை யாரும் பெருசா பேசறதில்ல. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுது.

1956 ஆகஸ்ட் 25-ல், ஃபின்லாந்தின் யுவாஸ்குலா ஊரில் பிறந்தார். அந்த ஊரைச் சுற்றித்தான் ஆயிரம் ஏரிகள் ராலி நடக்கும். அப்பா பௌலி டொய்வோனெனும் பெரிய ராலி ஓட்டுநர். 1968-ல் போர்ஷே 911 காரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனவர். ஆனா அப்பாவின் பெயரோடு ஒரு கசப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1966 மான்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடமும் பிரிட்டனின் மினி கூப்பர் கார்களுக்குப் போனது. ஹெட்லைட் விதிக்குப் பொருந்தவில்லை என்று நடுவர்கள் அந்த மூன்றையும் தகுதி நீக்கம் செய்தார்கள். பின்னால் இருந்த சிட்ரோயன் முதலிடத்துக்கு ஏறியது. அதை ஓட்டியவர் பௌலி. ஜெயித்தவரே சந்தோஷப்படாத ஜெயிப்பு அது. பிரெஞ்சு காரைத் தூக்கிவிட்டாங்கன்னு ஊரே பேசியது. ஹென்றிக்கு அப்போ ஒன்பது வயசு.

பையன் ஐந்து வயசிலேயே கார் ஓட்டக் கற்றவன். கார்ட், அப்புறம் சர்க்யூட் ரேஸ். டிராக்கில் சக்கரத்தோடு சக்கரம் உரசுவது ஆபத்து, ராலி பரவாயில்லை என்று குடும்பம் நினைத்தது. (பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்த வரி நெஞ்சைக் குத்தும்.) ராலி பக்கம் வந்தபோது அவருடைய கார்ட் ஒரு சின்னப் பையனின் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. அந்தச் சின்னப் பையன் மிகா ஹாக்கினென். 1998, 1999 ஃபார்முலா ஒன் சாம்பியன்!

1975-ல், 19 வயசு முடிந்த அதே வாரத்தில், சொந்த ஊர் ராலியில் ஒரு குட்டி சிம்கா காரில் முதல் உலக ராலி. 1980-ல் டால்பாட் டீமில் இடம். சன்பீம் லோட்டஸ் நம்ம பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரியான வண்டி. சாதாரண ஹேட்ச்பேக் உடம்பு, உள்ளே லோட்டஸின் 2.2 லிட்டர் 16 வால்வ் எஞ்சின், பின்சக்கர இயக்கம். அந்த நவம்பரில் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை அதில் ஜெயித்தார். வயசு 24. உலக ராலி ஒன்றை அத்தனை சின்ன வயசில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. 2008-ல் யாரி மாட்டி லாட்வாலா வந்து முறியடிக்கும் வரை 27 வருஷத்துக்கு மேல் அந்தச் சாதனை நின்றது.

அடுத்த வருஷம் போர்ச்சுகலில் இரண்டாவது, சான்ரெமோவில் இரண்டாவது. டீமின் இன்னொரு ஓட்டுநர் பிரான்ஸின் கி ஃபிரெக்லன், ஓட்டுநர் பட்டியலில் உலகத்திலேயே இரண்டாவது. அவர் பக்கத்து சீட்டில் நோட்ஸ் படித்துக்கொண்டிருந்த துணை ஓட்டுநர் பெயர் ழான் தோட். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இவ்வளவு நல்லா போன டீமை ஏன் கலைக்கணும்? நஷ்டக் கணக்குதான். சன்பீம் முதலில் கிரைஸ்லர் ஐரோப்பாவின் கார். 1978-ல் பியூஜோ குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கி, டால்பாட் என்ற பழைய பெயரை ஒட்டியது. நஷ்டத்தில் ஓடிய ஆலையை மூடிவிட்ட பிறகு, கடையில் விற்காத காரை ராலியில் ஓட்டி என்ன பிரயோஜனம்? கம்பெனிக்கு ராலி ஒரு விளம்பரச் செலவு. தவிர, அதே வருஷம் ஆடி குவாட்ரோ நான்கு சக்கர இயக்கத்தோடு உலக ராலிக்கு வந்துவிட்டது. பின்சக்கர சன்பீமின் காலம் முடிந்தது என்று பாரிஸில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அவர்கள் 205 என்ற புது காரைச் சுற்றி புது டீம் கட்ட முடிவு செய்தார்கள். அதை நடத்த யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? ழான் தோட். பிறகு ஃபெராரி ஃபார்முலா ஒன் டீம், பிறகு 2009 முதல் 2021 வரை எஃப்.ஐ.ஏ. தலைவர். ஃபிரெக்லனும் பிற்காலத்தில் சிட்ரோயன் டீமின் தலைவராகி செபாஸ்டியன் லோப் சாம்பியன் ஆனபோது பக்கத்தில் நின்றார். டீம் கலைந்ததில் நல்லா கரை ஏறியவர் ஸ்டீயரிங்கையே தொடாத மனுஷர். மேனேஜ்மென்ட் எலக்டிவ் எடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க கவனிக்கவும்.

ஓட்ட மட்டுமே தெரிந்தவர் நிலைமை வேறு. எங்க வைத்திக்குப்பத்துக் கரையில நிக்கிற யாரைக் கேட்டாலும் இது புரியும். படகும் வலையும் ஒருத்தருடையது, கடல்ல இறங்குற ஆளுங்க வேற. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்துல பங்கு. ஓனர் படகை வித்துட்டா, அதுல எத்தனை வருஷம் போனவனா இருந்தாலும் அடுத்த படகைத் தேடி நடக்கணும். மீன் எங்க இருக்கும்னு அவனுக்குத் தெரியும், ஆனா அந்த அறிவை வெச்சுக்கிட்டு நீந்திப்போய் மீன் பிடிக்க முடியாது. ராலி ஓட்டுநரும் அப்படித்தான். ஃபேக்டரி கார் இல்லாமல் அவர் வேகத்துக்கு மதிப்பு கிடையாது. மீனவர்களாவது வேறு படகில் அதே கடலுக்குப் போகலாம். ஹென்றிக்கு ஒவ்வொரு முறையும் வண்டியின் குணமே மாறியது.

1982-ல் ஓப்பல். ரோத்மன்ஸ் என்ற சிகரெட் கம்பெனி பணம் போட்ட டீம். அஸ்கோனா 400 காரில் அக்ரோபோலிஸ் ராலியில் மூன்றாவது, ஆர்.ஏ.சி.யில் மூன்றாவது. ஆனா அந்த வருஷம் அதே டீமின் வால்டர் ரோல் உலக சாம்பியன் ஆகிவிட்டார். ஹென்றி இரண்டாம் ஆள். 1983-ல் மான்டா 400. அதுவும் பின்சக்கர இயக்கம். ஆடியும் லான்சியாவும் முன்னே ஓட, ஓப்பல் பின்னாலேயே ஓடியது.

அப்புறம் சிகரெட் கம்பெனி ஓப்பலை விட்டு போர்ஷே பக்கம் போனது. ஹென்றியும் போனார். 1984-ல் ப்ரோடிரைவ் டீம் தயாரித்த போர்ஷே 911 எஸ்.சி. ஆர்.எஸ்., ஐரோப்பிய சாம்பியன்ஷிப். அப்பா ஜெயித்த அதே பட்டம், அதே 911 வம்சம். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது முதுகுக் காயம் வந்து ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாமிடம்தான். அந்த வருஷமே இடையிடையே லான்சியாவுக்கும் ஓட்டினார். ஒரே வருஷம், இரண்டு டீம், இரண்டு விதமான கார். இன்னிக்கு இதை ஃப்ரீலான்ஸ்னு சொல்லுவோம்.

1985-ல் லான்சியா முழுநேர சீட் கொடுத்தது. வருஷ ஆரம்பத்திலேயே சார்டீனியா தீவில் நடந்த கோஸ்டா ஸ்மெரால்டா ராலியில் பெரிய விபத்து. கழுத்து எலும்பு உடைந்து மாசக்கணக்கில் படுக்கை. படுத்திருந்தபோதுதான், மே 2-ந் தேதி, கோர்சிகா ராலியில் டீமின் அட்டிலியோ பெட்டேகா லான்சியா 037 காரில் மரத்தில் மோதி இறந்தார். ஆகஸ்டில் ஹென்றி திரும்பி வந்தார்.

ஏன் திரும்பி வந்தார்? எனக்கு இந்தக் கேள்விதான் உறுத்துது. தைரியம், வெறின்னு எழுதறது சுலபம். ஆனா கணக்கைப் பாருங்க. 29 வயசு. நாலாவது கம்பெனி. 1980-க்குப் பிறகு ஒரு உலக ராலிகூட ஜெயிக்கவில்லை. ஜெயிக்கக்கூடிய சீட் உலகத்தில் நாலைந்துதான் இருந்தன, அதில் ஒன்று இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது. இந்த நிலைமையில் இருக்கிறவன், கார் பயமா இருக்கு சார், வேற கொடுங்கன்னு சொல்லுவானா?

கார் பயப்பட வேண்டிய கார்தான். லான்சியா டெல்டா எஸ்4. குரூப் பி விதிப்படி 200 கார் செய்தால் போதும், மற்றபடி எஞ்சினியர்களுக்குக் கிட்டத்தட்ட முழு சுதந்திரம். 1,759 சி.சி. எஞ்சினில் சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்தே இருக்கும். குறைந்த ஆர்.பி.எம்.மில் சூப்பர்சார்ஜர் காற்றைத் தள்ளும், வேகம் ஏறியதும் டர்போ எடுத்துக்கொள்ளும். டர்போ லேக் பிரச்சினைக்கு அழகான தீர்வு. சுமார் 480 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்கும் குறைவு. குழாய்ச் சட்டம், கூட்டுப்பொருளால் ஆன மெல்லிய உடம்பு. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். எடைப் பங்கீட்டுக்கு அது சரியான இடம். மனுஷன் உட்காருற இடம் என்ற கணக்கில் பார்த்தால் அதைவிட மோசமான இடம் இல்லை.

அந்தக் கார் முதன்முதலாக இறங்கியது 1985 நவம்பர் ஆர்.ஏ.சி. ராலியில். ஹென்றி ஜெயித்தார். ஐந்து வருஷம் கழித்து, அதே ராலியில், இரண்டாவது உலக வெற்றி. 1986 ஜனவரியில் மான்டி கார்லோ. சாதாரண ரோட்டில் போகும்போது போட்டிக்குச் சம்பந்தமில்லாத கார் ஒன்று வந்து மோதி எஸ்4 நசுங்கியது. தட்டி நிமிர்த்திக்கொண்டு போய் ஜெயித்தார். அப்பா பௌலியின் அந்தக் கசப்பான ஜெயிப்புக்குச் சரியாக 20 வருஷம் கழித்து, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு டொய்வோனென் வெற்றி.

அந்த வருஷ போர்ச்சுகலில், எஸ்டோரில் டிராக்கில் எஸ்4 ஓட்டி ஃபார்முலா ஒன் கார்களோடு போட்டியிடும் நேரம் எடுத்தார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. நம்பத்தான் ஆசை. ஆனா அதிகாரப்பூர்வ நேரப் பட்டியல் எதையும் யாரும் இதுவரை காட்டியதில்லை, அதனால் ஷேர் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. நிஜமாக நடந்தது வேற. அந்தப் போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். ஹென்றி உட்பட முன்னணி ஃபேக்டரி ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து போட்டியிலிருந்து விலகினார்கள். கம்பெனி சொல்வதைக் கேட்டே பழகியவர்கள் கூட்டாக முடியாது என்று சொன்ன அபூர்வமான நாள் அது.

இரண்டு மாசம்கூட ஆகவில்லை. கோர்சிகா. காய்ச்சலோடு ஓட்டினார். நல்ல இடைவெளியில் முதலிடத்திலும் இருந்தார். 1986 மே 2, பெட்டேகா இறந்து சரியாக ஒரு வருஷம். பதினெட்டாவது ஸ்டேஜ், ஒரு இடது வளைவு. கார் சாலையை விட்டு பள்ளத்தில் விழுந்தது, டேங்க் கிழிந்தது, தீ. ஹென்றியும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அங்கேயே இறந்தார்கள். என்ன காரணத்தால் விலகியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, பக்கத்தில் பார்த்தவர் இல்லை. மிஞ்சியது கருகிய குழாய்ச் சட்டம் மட்டும்.

அந்த ராலியை ஜெயித்தது எது? பியூஜோ 205 டர்போ 16. டால்பாட் டீமைக் கலைத்துவிட்டுக் கட்டிய அதே டீம், ழான் தோட்டின் டீம்.

உடனே சர்வதேச சம்மேளனம் 1987 முதல் குரூப் பி-க்குத் தடை போட்டது. பியூஜோ கோபித்துக்கொண்டு பாரிஸ்–டக்கார் பக்கம் போனது. ஆடி அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டது. மறுபடியும் சாம்பியன் ஓட்டுநர்கள் நடுத்தெருவில்! பியூஜோவில் 1986 பட்டம் வாங்கிய யுஹா கன்குனென், ஹென்றி பிறந்த யுவாஸ்குலாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர், லான்சியாவுக்கு மாறி 1987-லும் சாம்பியன் ஆனார். டிமோ சலோனென் மாஸ்டாவுக்குப் போனார். 30 வருஷம் கழித்தும் இதே கதைதான். 2016 முடிவில் ஃபோக்ஸ்வாகன் திடீரென்று விலகியபோது மூன்று ஓட்டுநர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஓஜியே ஃபோர்டு காரில் ஏறி அடுத்த இரண்டு பட்டமும் வாங்கினார். லாட்வாலாவுக்கு டொயோட்டா கிடைத்தது. அதே டீமில் ராலி ஜெயித்த ஆண்ட்ரியாஸ் மிக்கெல்சனுக்கு நிரந்தர சீட் உடனே கிடைக்கவில்லை.

ஹென்றி நினைவாக 1988-ல் ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ் தொடங்கினார்கள். ராலி ஓட்டுநர் மிஷேல் மூட்டோனும் ஃப்ரெட்ரிக் ஜான்சனும் சேர்ந்து தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே கார்களைக் கொடுத்து, கம்பெனி வித்தியாசம் இல்லாமல் யார் வேகம் என்று பார்க்கும் போட்டி. தனிநபர் ஜெயிப்பவருக்கு ஹென்றி டொய்வோனென் பெயரில் கோப்பை. முதல் கோப்பை கன்குனெனுக்கு.

2012 டிசம்பரில் அந்தப் போட்டி பாங்காக்கில் நடந்தபோது, அதன் ஆசியக் கோப்பையை இந்திய அணி ஜெயித்தது. ஓட்டியது சென்னையின் கருண் சந்தோக்கும் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும். நரேனின் அப்பாவும் தென்னிந்திய ராலியைப் பலமுறை ஜெயித்த ராலிக்காரர். அந்த சீசன் முழுக்க நரேன் ஓட்டியது எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் ஃபார்முலா ஒன் டீமுக்கு. பாங்காக் போட்டிக்குச் சில வாரம் முன்னாடிதான் அந்த டீம் பணமில்லாமல் கடையைக் கட்டியிருந்தது.