தீண்டிய திருக்கரம்

கலிலேயா ஏரியின் வடகரையில் கப்பர்நகூம் என்ற சிற்றூர் இருந்தது. கருங்கற்களை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த வீடுகள், வலை உலர்த்தும் கரை, ஒரு சுங்கச்சாவடி, ஒரு தொழுகைக்கூடம்; அவ்வளவுதான் ஊர். அங்கே ஓர் ஓய்வுநாளின் மாலை. கதிரவன் மறைந்ததும் யூதச் சட்டப்படி ஓய்வுநாள் முடிந்துவிடும். அதன்பின் சுமை தூக்கத் தடையில்லை. அந்தக் கணத்திற்காகவே காத்திருந்த ஊர்மக்கள் தங்கள் நோயாளிகளைச் சுமந்துகொண்டு சீமோன் என்ற மீனவரின் வீட்டு வாசலில் வந்து குவிந்தனர். அன்று தொழுகைக்கூடத்தில் அலறித் துடித்த ஒருவரை அமைதிப்படுத்தியவரும், காய்ச்சலில் கிடந்த சீமோனின் மாமியாரைக் கைபிடித்து எழுப்பியவரும் அந்த வீட்டினுள் இருந்தார். அவரே நாசரேத்தூர் இயேசுநாதர்.

கி.மு. 4-ஆம் ஆண்டில் இறந்த மகா ஏரோது மன்னனின் ஆட்சி முடிவதற்குச் சற்று முன்னர் அவர் பிறந்தார் என்பது அறிஞர் பலரின் கணிப்பு. பெத்லகேமில் பிறந்து நாசரேத்தில் வளர்ந்த அவர், வளர்ப்புத் தந்தை யோசேப்பின் தச்சுத் தொழிலையே தாமும் மேற்கொண்டார். சுமார் 30 வயதில் யோர்தான் ஆற்றில் யோவான் என்ற தவசியிடம் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் பாலைவனத்தில் 40 நாள் உண்ணாநோன்பு இருந்தார். அங்கே அவரைத் தேடி வந்த சோதனைகளுள் ஒன்று, கற்களை அப்பமாக்கிப் பசி தீர்த்துக்கொள்ளும்படி தூண்டியது. தம்மிடமுள்ள ஆற்றலைத் தமக்காகச் செலவிட அவர் இசையவில்லை. பின்னாளில் எத்தனையோ பேரின் பிணி தீர்த்த அந்த ஆற்றல், அவருடைய சொந்தத் துன்பத்தைத் தீர்க்க ஒருமுறைகூடப் பயன்படவில்லை.

கப்பர்நகூமின் அந்த இரவு கழிந்து, விடியுமுன்னே அவர் எழுந்து தனியிடம் சென்று பிரார்த்தனையில் ஆழ்ந்தார். சீடர்கள் தேடி வந்து, எல்லோரும் அவருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். பெயரும் புகழும் கனிந்திருந்த அந்த ஊரில் தங்கிவிடாமல் அவர் அடுத்த ஊர்களை நோக்கிப் புறப்பட்டார்.

இடம் மாறிய இருவர்

அவ்வாறு சென்ற வழியில் தொழுநோயாளி ஒருவர் அவர் முன் மண்டியிட்டார். விவிலியத்தில் தொழுநோய் என்று வழங்கும் சொல், இன்று அப்பெயரால் அறியப்படும் நோயை மட்டுமல்லாது வேறு பல தோல்நோய்களையும் குறித்தது. எதுவாயினும் சட்டம் ஒன்றே. அந்நோய் கண்டவர் கிழிந்த ஆடை உடுத்து, தலையை விரித்துப்போட்டு, வாயை மூடிக்கொண்டு, தாம் தீட்டுள்ளவர் என்று தாமே உரக்கக் கூவியபடி ஊருக்கு வெளியே தனித்து வாழவேண்டும். அவரைத் தொடுபவருக்கும் தீட்டு ஒட்டிக்கொள்ளும். அந்த மனிதருக்கு இயேசுநாதரின் ஆற்றலில் ஐயமில்லை. தம்மைப் போன்ற ஒருவருக்கு அதைச் செய்ய அவருக்கு மனம் இருக்குமா என்பதே அவருடைய தவிப்பு.

இங்கே நற்செய்தியாளர் மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கவனிக்கத்தக்கது. இரக்கம் என்று மொழிபெயர்க்கப்படும் அச்சொல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு துடிக்கிறது என்று தமிழில் சொல்கிறோமே, அதற்கு மிக நெருங்கிய உணர்வு அது. அந்தத் துடிப்போடு இயேசுநாதர் கையை நீட்டி அவரைத் தொட்டார். வாய்ச்சொல்லால் மட்டும் குணமாக்குவது அவருக்கு இயலாததன்று. பின்னர் பலமுறை அவ்வாறே செய்தார். ஆயினும் எத்தனையோ நாளாக மனிதக் கை எதுவும் படாத உடலுக்கு முதலில் வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நோய் நீங்கியது. குருக்களிடம் உடலைக் காட்டிச் சட்டப்படியான காணிக்கையைச் செலுத்துமாறும், வேறு எவரிடமும் சொல்லவேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். குணமடைந்தவரோ மகிழ்ச்சியில் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். விளைவு, கூட்டம் பெருகி, இயேசுநாதர் வெளிப்படையாக எந்த ஊருக்குள்ளும் நுழைய முடியாமல் ஊருக்கு வெளியே ஆளில்லா இடங்களில் தங்கவேண்டியதாயிற்று. வெளியே கிடந்தவர் ஊருக்குள் போனார்; ஊருக்குள் இருந்தவர் வெளியே நின்றார். மாற்கு இதை ஒரே வாக்கியத்தில் கூறி நகர்ந்துவிடுகிறார்.

நம்பிக்கை யாரிடம் இருந்தது?

நம்பினால்தான் குணம் என்று ஒரு விதியை நற்செய்தி நூல்களிலிருந்து வகுப்பது எளிதன்று. நாயீன் ஊரின் வாசலில் ஒரு கைம்பெண்ணின் ஒரே மகனது பாடை எதிரே வந்தபோது எவரும் எதுவும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த தாயைக் கண்டதும் அவரே பாடையைத் தொட்டு நிறுத்தினார். கப்பர்நகூமில் திமிர்வாத நோயாளி ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கினார்கள். அங்கே அவர் கண்டு மகிழ்ந்த நம்பிக்கை, கூரைமேல் வியர்த்து நின்ற அந்தத் தோழர்களுடையதும்தான்.

இயேசுநாதர் வியப்படைந்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறும் இடங்கள் மிகச் சில. ஒன்று, கப்பர்நகூமில் இருந்த படைத்தலைவர் ஒருவரைப் பற்றியது. நூறு வீரர்களுக்குத் தலைவரான அவர் யூதர் அல்லர்; நாட்டை அடக்கி வைத்திருந்த அதிகார வர்க்கத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அவ்வூர்த் தொழுகைக்கூடத்தைக் கட்டிக்கொடுத்தவர் என்று லூக்கா கூறுகிறார். தம் பணியாள் சாகும் நிலையில் இருந்ததால் உதவி வேண்டிய அவர், இயேசுநாதர் வீட்டிற்கு வர முனைந்தபோது, தம் கூரையின் கீழ் அவர் வருவதற்குத் தாம் தகுதியற்றவர் என்று தடுத்தார். தம் கட்டளைக்கு வீரர்கள் போவதும் வருவதும்போல, இயேசுநாதரின் ஒரு சொல்லுக்கு நோயும் பணியும் என்பது அவர் கருத்து. உலகெங்கும் கத்தோலிக்கர் நற்கருணை பெறுமுன் இன்றும் சொல்லும் வேண்டுதல், இந்த அயலாரின் பணிவைத் தழுவியதே.

இன்னொரு வியப்பு கசப்பானது. சொந்த ஊரான நாசரேத்துக்கு அவர் திரும்பியபோது, இவர் மரியாளின் மகனான தச்சர்தானே என்று ஊரார் இடறிப்போனார்கள். ஒரு சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கியதைத் தவிர அங்கே அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். போற்றுவதற்காக எழுதப்பட்ட நூலில் இப்படியொரு குறிப்பை விட்டுவைத்திருப்பது, எழுதியவரின் நேர்மைக்குச் சான்று.

தீர் நகரப் பகுதியில், பேய்பிடித்த மகளுக்காக ஒரு புறவினத்துத் தாய் மன்றாடினார். முதலில் அவருக்குக் கிடைத்தது மௌனம். பின்னர் கிடைத்த விடையோ கடுமையானது: பிள்ளைகளின் உணவை நாய்களுக்குப் போடலாகாது என்ற பொருளில் அது அமைந்திருந்தது. அந்தத் தாய் சினக்கவில்லை. மேசையிலிருந்து சிந்தும் துணுக்குகளை நாய்க்குட்டிகளும் தின்பதுண்டே என்று அதே உவமையைத் திருப்பிச் சொன்னார். அந்த விடைக்காகவே மகள் குணமடைந்தாள். இயேசுநாதரோடு வாதிட்டு வென்றவர் என்று நற்செய்தி நூல்களில் எவரையேனும் சுட்டுவதானால் இந்தத் தாயைத்தான் சுட்டவேண்டும்.

வலிப்பால் நெருப்பிலும் நீரிலும் விழுந்துகொண்டிருந்த சிறுவனின் தந்தை இவ்வளவு உறுதியானவர் அல்லர். சீடர்கள் முயன்று தோற்றபின், முடியுமானால் உதவுங்கள் என்றே அவரால் கேட்க முடிந்தது. நம்பிக்கையைப் பற்றிய கேள்வி வந்தபோது, தம்மிடம் அது இருக்கிறது என்றும், இல்லாத குறையும் இருக்கிறது என்றும், அக்குறைக்கும் சேர்த்தே துணை வேண்டும் என்றும் கதறினார். அந்த அரைகுறை நம்பிக்கைக்கும் மகன் முழுமையாகத் திரும்பக் கிடைத்தான்.

12 ஆண்டுகள்

தொழுகைக்கூடத் தலைவரான யவீரு, சாகக் கிடந்த தம் ஒரே மகளுக்காக இயேசுநாதரின் காலில் விழுந்தார். சிறுமிக்கு வயது 12. ஒவ்வொரு கணமும் விலைமதிப்பற்ற அந்தப் பயணத்தில், நெருக்கும் கூட்டத்தினூடே ஒரு பெண் பின்னாலிருந்து வந்து அவருடைய ஆடையைத் தொட்டார். அவருக்கு 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கு. அந்தச் சிறுமி பிறந்த காலம் தொட்டே அவர் தீட்டுள்ளவராக ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார். மருத்துவர் பலரிடம் கைப்பொருள் அனைத்தையும் செலவழித்தும் நோய் முற்றியதே கண்ட பலன் என்கிறார் மாற்கு. மருத்துவர் என்று மரபு போற்றும் லூக்கா, மருத்துவத்தால் நோய் முற்றியது என்ற குறிப்பை மட்டும் நாசூக்காக விட்டுவிடுகிறார்!

தொட்டவுடன் அவர் குணமானார். யாருமறியாமல் நழுவியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் இயேசுநாதர் நின்றுவிட்டார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். இத்தனை பேர் நெருக்கும்போது இதென்ன கேள்வி என்று சீடர்கள் திகைத்தனர். அருகில் நின்ற யவீருவின் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! பெண் நடுங்கியபடி முன்வந்து நடந்தது முழுவதையும் சொன்னார். அவரை மகளே என்று அழைத்து, அவருடைய நம்பிக்கையே அவரைக் குணமாக்கியது என்று எல்லோர் முன்னிலையிலும் இயேசுநாதர் அறிவித்தார். ஆடையைத் திருட்டுத்தனமாகத் தொட்டவர் என்ற அச்சம் நீங்கி அவர் நிமிர்ந்து வீடு திரும்பினார்.

அதற்குள் சிறுமி இறந்த செய்தி வந்துவிட்டது. அஞ்சவேண்டாம் என்று தந்தையைத் தேற்றி, பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோரை மட்டும் அழைத்துக்கொண்டு இயேசுநாதர் அந்த வீட்டினுள் சென்றார். ஒப்பாரிக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிணத்தைத் தொடுவதும் தீட்டுதான். அவர் சிறுமியின் கையைப் பிடித்துத் தாய்மொழியில் எழுப்பினார், எழுந்தாள். எல்லோரும் மலைத்து நின்றபோது, குழந்தைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று நினைவூட்டியவரும் அவரே.

ஓய்வுநாளில் நீண்ட கை

கருணைக்கு எதிர்ப்பும் வளர்ந்தது. தொழுகைக்கூடத்தில் ஓர் ஓய்வுநாளில், சூம்பிய கையுடைய ஒருவரை அவர் குணமாக்குகிறாரா என்று குற்றம் காண விரும்பியோர் உற்றுப் பார்த்திருந்தனர். மறுநாள்வரை பொறுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வுநாளில் நன்மை செய்வது முறையா, தீமை செய்வது முறையா என்று அவர் கேட்டார். அவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அவருக்குச் சினத்தையும் துயரத்தையும் ஒருங்கே தந்தது. கை நேரானது. வெளியே சென்ற பரிசேயர், வழக்கமாகத் தங்களோடு ஒத்துப்போகாத ஏரோதியரோடு சேர்ந்து அவரைக் கொல்ல வழி தேடினர்.

எருசலேமில் ஆட்டுவாசலை அடுத்த பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரை எழுந்து நடக்கச் செய்ததும் ஓய்வுநாளில்தான். புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டிய அகழாய்வில் அக்குளம் வெளிப்பட்டுள்ளது. அந்த மனிதர் தம்மைக் குணமாக்கியவர் யார் என்றுகூட அறிந்திருக்கவில்லை. அறிந்தபின் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். நன்றியை எதிர்பார்த்துப் பெய்த மழையாக அது இருக்கவில்லை.

பிறவிக் குருடர் ஒருவரைக் கண்டபோது சீடர்கள் கேட்ட கேள்வி இந்திய வாசகர்களுக்கு மிகப் பழக்கமானது. இது இவருடைய பாவமா, பெற்றோருடைய பாவமா? பழியை எவர்மேலும் சுமத்த இயேசுநாதர் மறுத்து, உமிழ்நீரால் சேறு குழைத்து அவருடைய கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவச் சொன்னார். (2004-ஆம் ஆண்டில் கழிவுநீர்க் குழாய்ப் பணியின்போது அக்குளத்தின் கற்படிகள் தற்செயலாக வெளிப்பட்டன.) பார்வை பெற்றவரை விசாரித்த பெரியவர்கள், அவர் பணிய மறுத்ததால் வெளியே தள்ளினார்கள். இதைக் கேள்விப்பட்டு இயேசுநாதர் அவரைத் தேடிச் சென்றார்.

எருசலேமுக்கான இறுதிப் பயணத்தில், எரிகோவில் பர்திமேயு என்ற பார்வையற்ற இரவலர் கூவியழைத்தார். கூட்டம் அவரை அதட்டியது. அவர் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டார். பெத்தானியாவில் நண்பர் லாசருவின் கல்லறை முன் கண்ணீர் விட்டார். இறந்து 4 நாளான அவரை எழுப்பினார். அச்செய்தி தலைமைச் சங்கத்தை எட்டியபோதுதான், மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவர் சாவதே மேல் என்று தலைமைக் குரு கயபா கருத்துரைத்ததாக யோவான் எழுதுகிறார்.

கைது செய்ய வந்த இரவில் சீடர் ஒருவர் வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளான மல்குவின் காதை வெட்டினார். இயேசுநாதர் அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்கிறார் லூக்கா. பிறகு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏதேனும் அற்புதம் காட்டுவார் என்று ஆவலோடு காத்திருந்த ஏரோது அந்திப்பாவுக்கு அவர் ஒரு சொல்லும் விடையளிக்கவில்லை. கி.பி. 26 முதல் 36 வரை ஆளுநராக இருந்த பிலாத்துவின் ஆணைப்படி அவர் சிலுவையில் அறையப்பட்டபோது, பிறரைக் காத்தவரால் தம்மைக் காத்துக்கொள்ள முடியவில்லையே என்று கீழே நின்றவர்கள் நகைத்தனர். பாலைவனத்தில் கேட்ட அதே குரல் வேறு வாய்களில் ஒலித்தது. அவர் இறங்கி வரவில்லை.

உயிர்த்தெழுந்தபின், பூட்டிய அறையில் சீடர்களுக்குத் தோன்றினார் என்று யோவான் கூறுகிறார். அப்போது அங்கில்லாத தோமா, காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்றார். சென்னைப் பரங்கிமலையோடு மரபு இணைத்துப் போற்றும் அதே தோமா. 8 நாட்களுக்குப்பின் இயேசுநாதர் மீண்டும் வந்து கைகளை நீட்டினார். ஆணித் தழும்புகள் மறைந்திருக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்க்கும்படி தோமாவை அழைத்தார். தோமா தொட்டாரா என்பதை யோவான் எழுதவில்லை. அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் ஏற்றுக்கொண்டதை மட்டும் எழுதியிருக்கிறார்.