மூன்று அணில்களைப் பாட வைத்தவர்

கையில் இருந்தது 200 டாலர். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அவ்வளவுதான். வீட்டில் மனைவி, குழந்தைகள்.

அந்த 200 டாலரில் 190 டாலரை எடுத்துக்கொண்டு போய், அவர் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்துவிட்டார்! மீதி 10 டாலர்.

அந்தக் கருவியை வைத்து அவர் உருவாக்கியது காதல் கீதம் அல்ல. கண்ணீர்ப் பாட்டும் அல்ல. வெறும் உளறல்! மந்திரவாதி ஒருவன் கீச்சுக் குரலில் உளறுகிற, பொருளே இல்லாத உளறல்.

1958-ம் ஆண்டில் அந்த உளறல் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு ஆயிற்று. மூழ்க இருந்த இசைத்தட்டு கம்பெனி ஒன்றைக் கரை சேர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், அதே வித்தையிலிருந்து பாடும் அணில்கள் மூன்று பிறந்தன. உலகம் முழுவதும் குழந்தைகள் அந்த அணில்களின் பின்னால் ஓடினார்கள்.

அவர் பெயர் ராஸ் பாக்தசாரியன். இசைத்தட்டுகளில் அவருக்கு வேறு பெயர்: டேவிட் செவில்.

திராட்சை விளையும் ஊர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரெஸ்னோ என்று ஓர் ஊர் இருக்கிறது. திராட்சைக்குப் பேர் போன ஊர். தாய்நாட்டில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி ஓடிவந்த அர்மீனியர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். அப்படி ஓர் அர்மீனியக் குடும்பத்தில், 1919-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி ராஸ் பிறந்தார்.

அந்த ஊரில் இன்னொரு பிள்ளையும் இருந்தார். வில்லியம் சரோயன். ராசுக்கு உறவு முறையில் அண்ணன். பத்து வயது மூத்தவர். பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆனார். 1940-ம் ஆண்டில் அவருடைய நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்! அந்த நாடகம் 1939-ல் நியூயார்க்கில் முதன் முதலாக அரங்கேறியபோது, அதில் பத்திரிகை விற்கும் பையனாக நடித்தவர் ராஸ்.

அதே 1939-ல் இருவரும் காரில் நெடுந்தூரப் பயணம் போனார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் பொட்டல் வெளி. பொழுது போகவில்லை. விளையாட்டாக ஒரு பாட்டுக் கட்டினார்கள். மெட்டு, பழைய அர்மீனிய நாட்டுப்பாடலைத் தழுவியது. விஷயம், விருந்து உபசாரம். வீட்டுக்கு வரும்படி ஒருவரை அழைத்து, அது தருகிறேன், இது தருகிறேன் என்று பழமும் மிட்டாயுமாக அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. ஆங்கிலம் சரியாக வராத குடியேறிகளின் பேச்சு வாடை அதில் அப்படியே இருந்தது.

பாட்டு பிறந்தது. ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அது தூங்கியது.

நொடித்துப் போனார்

இரண்டாம் உலகப்போர் வந்தது. ராஸ் விமானப்படையில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பியதும், 1946-ல் திருமணம் செய்துகொண்டார். ஊர்த்தொழிலான திராட்சை விவசாயத்தில் இறங்கினார். அது கைகொடுக்கவில்லை. கடைசியில் மனைவி, மக்களுடன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடி பெயர்ந்தார்.

அப்போதுதான் பழைய பாட்டுக்கு விடிவு காலம் பிறந்தது. 1951-ல் ரோஸ்மேரி குளூனி என்ற பாடகியிடம் அது போய்ச் சேர்ந்தது. (பிற்கால நடிகர் ஜார்ஜ் குளூனிக்கு இவர் அத்தை.) பாட்டைப் பார்த்ததுமே குளூனி முகம் சுளித்தார். அசட்டுப் பாட்டு என்று நினைத்தார். பாடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆனால் இசைத்தட்டு கம்பெனியின் தயாரிப்பாளர் மிட்ச் மில்லர் விடவில்லை. பாடியே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேண்டா வெறுப்பாகக் குளூனி பாடினார்.

என்ன அதிசயம்! பாட்டு முதலிடத்துக்குப் போயிற்று. குளூனி ஒரே பாட்டில் நாடறிந்த பாடகி ஆனார்.

ஆனால் ஒரு பாட்டு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடும்? ராஸ் சினிமாவில் சிறு சிறு வேடங்களில் நடித்தார். அவற்றில் ஒன்று மறக்க முடியாதது. 1954-ல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் “ரியர் விண்டோ” படத்தில், எதிர் வீட்டு மாடியில் பியானோவின் முன் உட்கார்ந்து, மெட்டு அமையாமல் தவிக்கும் இசையமைப்பாளராக ராஸ் வருகிறார். தம்முடைய படங்களில் ஒரு நொடி தலைகாட்டும் வழக்கமுள்ள ஹிட்ச்காக், இந்தப் படத்தில் தலைகாட்டியது ராசின் அறையில்தான். அங்கே நின்று கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்.

அந்தப் படத்தில், கீழ் வீட்டில் தனிமையில் வாடும் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறாள். அப்போது மாடியிலிருந்து அந்த இசையமைப்பாளரின் பாட்டு மிதந்து வருகிறது. அவள் மனம் மாறிவிடுகிறது. படத்தில் ஒரு பாட்டு உயிரைக் காப்பாற்றியது. நிஜ வாழ்க்கையிலோ ராசின் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பாட்டு இன்னும் வரவில்லை.

மந்திரவாதியின் குரல்

லிபர்ட்டி என்ற சிறிய கம்பெனிக்கு அவர் இசைத்தட்டுகள் செய்து கொடுத்து வந்தார். பாக்தசாரியன் என்ற பெயர் அமெரிக்கர்களின் வாயில் நுழையாது. அதனால்தான் டேவிட் செவில் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில், மனைவியின் பெயரைச் சூட்டி ஓர் அழகான மெட்டும் அமைத்தார். ஓரளவு பேசப்பட்டது. அவ்வளவுதான். கம்பெனியும் நொடித்துக்கொண்டிருந்தது, ராசும் நொடித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் டேப் ரிக்கார்டர் வாங்கினார்.

ஒருநாள் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. அதன் தலைப்பில் மந்திரவாதி என்ற சொல் இருந்தது. பளிச்சென்று ஒரு யோசனை! காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் மந்திரவாதியிடம் யோசனை கேட்கிறான். மந்திரவாதி பொருளற்ற ஓசைகளையே பதிலாகச் சொல்கிறான். இளைஞன் அதை அப்படியே மனப்பாடம் செய்து, காதலியிடம் போய் ஒப்பிக்கிறான். கதை இவ்வளவுதான்.

மந்திரவாதிக்கு மனிதக் குரல் கூடாது என்று ராஸ் நினைத்தார். மெதுவாகச் சுழலவேண்டிய இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டால், பாகவதர் குரலும் எலிக்குஞ்சின் கீச்சுக்குரல் ஆகிவிடும் அல்லவா? அந்த விளையாட்டைத்தான் ராஸ் ஒரு வித்தை ஆக்கினார். டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாடினார். பிறகு அதை முழு வேகத்தில் ஓடவிட்டார். குரல் ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கீச்சிட்டது.

கேட்க எளிது, செய்வது கடினம். பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடப்போகிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மடங்கு நீட்டிப் பாட வேண்டும். தாளம் இம்மியும் பிசகக்கூடாது. வாய் மெதுவாக உச்சரித்தாலும், வேகமாக ஓடும்போது சொல் சிதையக்கூடாது. சிரிப்புப் பாட்டுக்குப் பின்னால் இருந்தது சிரிப்பான வேலை அல்ல.

1958 ஏப்ரலில் “விட்ச் டாக்டர்” இசைத்தட்டு வெளிவந்தது. சக்கைப்போடு போட்டது! ஏப்ரல் கடைசியிலேயே முதலிடத்தைப் பிடித்து, மூன்று வாரம் அங்கேயே இருந்தது. லிபர்ட்டி கம்பெனி பிழைத்தது.

வித்தை மட்டும் போதுமா?

வெற்றி வந்தால் போட்டியும் வரும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஷெப் வூலி என்பவரின் பாட்டு ஒன்று முதலிடத்தைப் பிடித்தது. ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கொம்பும் உடைய ஒரு விசித்திரப் பிராணியைப் பற்றிய பாட்டு அது. அதிலும் வேகமாக்கப்பட்ட கீச்சுக்குரல்! ராசும் அதே பாணியில் இன்னொரு பாட்டு வெளியிட்டார். அது மந்திரவாதியின் உயரத்தை எட்டவில்லை.

ராசுக்கு ஓர் உண்மை விளங்கியது. கீச்சுக்குரலைக் கேட்டு ஒருமுறை சிரிப்பார்கள். மறுமுறையும் கேட்க வேண்டுமானால், குரலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார்?

விடை காட்டுப்பாதையில் கிடைத்தது. ராஸ் கார் ஓட்டிப் போனபோது, நடுச்சாலையில் ஒரு சின்ன அணில் நின்றது. முதுகில் கோடு போட்ட, அமெரிக்கர்கள் சிப்மங்க் என்று அழைக்கும் அணில். இத்தனை பெரிய காரைக் கண்டும் அது வழி விடவில்லை. முறைத்துக்கொண்டு நின்றது!

இன்னொரு விடை வீட்டிலேயே இருந்தது. ராசின் கடைசிப் பையனுக்குப் பொறுமையே கிடையாது. செப்டம்பர் மாதத்திலேயே, கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டான்.

அணிலின் பிடிவாதமும் பையனின் அவசரமும் ஒன்று சேர்ந்தன. ஆல்வின் பிறந்தான்.

அணில்களுக்கு முதலாளிகளின் பெயர்

மூன்று அணில்கள். பெயர்கள் ஆல்வின், சைமன், தியோடர். இந்தப் பெயர்களில் ஒரு குறும்பு இருக்கிறது. லிபர்ட்டி கம்பெனியின் தலைவர் ஆல்வின் பென்னட். கம்பெனியைத் தொடங்கியவர் சைமன் வாரோங்கர். ஒலிப்பதிவு என்ஜினீயர் தியோடர் கீப். முதலாளிகளின் பெயரையே அணில்களுக்குச் சூட்டிவிட்டார் ராஸ்!

1958-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் “சிப்மங்க் சாங்” வெளிவந்தது. இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. மூன்று அணில்களுக்கு டேவிட் செவில் பாட்டுச் சொல்லித் தருகிறார். பண்டிகை சீக்கிரம் வராதா என்று அணில்கள் ஏங்குகின்றன. ஆல்வினுக்குப் பாட்டில் கவனம் இல்லை. இடுப்பில் மாட்டிச் சுழற்றும் வளையம் வேண்டும் என்பதே அவன் நினைப்பு. “ஹுலா ஹூப்” என்ற அந்த வளையத்தின் மோகம் அமெரிக்காவை ஆட்டிவைத்த ஆண்டு அது. டேவிட் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறார். கடைசியில் பொறுமை இழந்து கத்துகிறார்.

குழந்தைகள் அந்தப் பாட்டில் தங்களைக் கண்டார்கள். பெற்றோர்களோ தங்கள் வீட்டையே கண்டார்கள். கீச்சுக்குரல் வெறும் வேடிக்கையாக இல்லை. அதற்குள் ஒரு பிள்ளை இருந்தான். அவனை மேய்க்க முடியாமல் திண்டாடும் தகப்பனும் இருந்தார்.

சில வாரங்களிலேயே இசைத்தட்டு 40 லட்சத்துக்கு மேல் விற்றது. நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. 1959 மே மாதத்தில் கிராமி விருதுகள் முதன் முதலாக வழங்கப்பட்டபோது, அந்தப் பாட்டு மூன்று விருதுகளைத் தட்டிக்கொண்டு போயிற்று. நகைச்சுவைக்கு ஒன்று, குழந்தைகளுக்கான பதிவுக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்கான மூன்றாவது விருதைப் பெற்றவர் தியோடர் கீப். அணிலுக்குப் பெயர் கொடுத்த அதே என்ஜினீயர்!

மீண்டும் திராட்சை

அணில்கள் 1961-ல் டெலிவிஷனுக்கு வந்தன. அந்தக் கார்ட்டூன் தொடர் ஓராண்டு ஓடியது. 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளையும் அணில்கள் பாடின.

பாட்டில் சம்பாதித்த ராஸ், தம்மை ஒரு காலத்தில் கைவிட்ட திராட்சைக்கே திரும்பினார். திராட்சைத் தோட்டமும் ஒயின் தொழிலும் இம்முறை கைகொடுத்தன.

ஆனால் ஆயுள் கைகொடுக்கவில்லை. 1972-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி மாரடைப்பால் காலமானார். 53-வது பிறந்தநாளுக்கு இன்னும் 11 நாட்களே இருந்தன.

அணில்கள் வாயடைத்துப் போயின. சில ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டம் படித்திருந்த மகன் ராஸ் ஜூனியர், அப்பாவின் வித்தையைக் கையில் எடுத்தார். 1980-ல் அணில்கள் மீண்டும் பாடின. 2007-ல் வெளிவந்த அணில் படம் உலகம் முழுவதும் 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இத்தனைக்கும் மூலமான 1958-ம் ஆண்டு இசைத்தட்டை இன்றும் கேட்கலாம். அணில்களின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அடம்பிடிக்கும் ஆல்வினின் குரல் ராசுடையது. சமர்த்தாகப் பாடும் மற்ற இருவரின் குரலும் ராசுடையது. பொறுமை இழந்து கத்தும் தகப்பனின் குரலும் அவருடையதுதான். அந்தத் தகப்பனின் குரலை மட்டும் அவர் வேகமாக்கவில்லை, உள்ளபடியே விட்டுவிட்டார்.