நாடகமேடைத் தியாகி விசுவநாததாஸ்

தேச விடுதலைக்காகச் சிறை சென்ற பெரியோர் பலரை நாம் அறிவோம். நாடக மேடையில் பாடிய பாட்டுக்காகவே பன்முறை சிறை சென்ற ஒருவரைத் தில்லியில் வளரும் நம் குழந்தைகள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. கடையில் ஒரு முழம் துணி வாங்குவதும் தேசத் தொண்டாகும் என்பதைப் பாமர மக்களுக்குப் பாட்டினாலேயே உணர்த்திய தியாகி விசுவநாததாஸின் சரிதத்தை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1886 ஆம் ஆண்டில் சிவகாசியில் பிறந்த தாஸ், மதுரையை அடுத்த திருமங்கலத்தைத் தம் ஊராக்கிக் கொண்டார். முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலத்தில் தோன்றியவர். இளமையிலேயே மேடை ஏறி, கணீரென்ற குரலால் ராஜபார்ட் நடிகராகப் புகழ் பெற்றார்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்தின் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் ஆகியோரைக் காண்டிராக்டர் பல ஊர்களிலிருந்து ஓர் இரவுக்கென அழைப்பார். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆகவே கதை கெடாமல் இடையில் புதுப்பாட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள நடிகருக்கு இடமிருந்தது. அந்த இடைவெளியில்தான் தேசபக்தி மேடைக்குள் புகுந்தது.

சீமைத் துணி வந்து குவிந்ததால் நம் நாட்டில் நூற்பவரும் நெய்பவரும் பிழைப்பிழந்திருந்த காலம் அது. 1921 இல் அந்நியத் துணி பகிஷ்காரம் நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தியடிகள், ஏழை மக்களின் நிலை கண்டு, அங்கேதான் அரை ஆடை பூண்டார். அந்த மதுரைச் சீமையின் நடிகரான தாஸும் கதர் உடுத்து மேடை ஏறினார். புராண நாடகத்தின் நடுவே கதரையும் ராட்டினத்தையும் பாடினார். வள்ளி திருமணத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடலை அவர் பாடும்போது, அக்கொக்கு எந்தத் தேசத்துப் பறவை என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சர்க்காருக்கும் அது விளங்கிற்று. 1876 ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கைவசம் இருக்க, போலீஸார் கொட்டகையிலேயே காத்திருந்தனர். அவர் 29 முறை கைதானார் என்று கூறுவர். சிறையிலிருக்கும் நாளெல்லாம் நடிகருக்கு வருமானம் ஏது? ஆயினும் விடுதலையாகி வந்தவர் மீண்டும் மேடையேறிப் பாடினார்.

சிறையினும் கொடியது ஒன்று உண்டு. அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி அவருடன் நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். பாட்டைக் கேட்டுக் கரகோஷம் செய்த நாடு, பாடியவரைச் சமமாக வைக்கத் தயங்கிற்று. அந்த அவமதிப்பைத் தாங்கிக்கொண்டே அவர் அந்நாட்டுக்காகப் பாடினார் என்பதை நினைக்க நம் தலை தாழ்கிறது.

1940 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த தாஸின் உயிர் மேடையிலேயே பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. சுதந்திரத்தைக் காண அவர் இருக்கவில்லை. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் அமைந்துள்ளது.

இன்று சீமைத் துணிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நாம் நினைக்கலாம். ஆனால் தீபாவளிக்குத் தில்லிக் கடைத்தெருவில் புடவை எடுக்கும்போது விலையைப் பார்க்கிறோம், கரையைப் பார்க்கிறோம். நெய்த கை எது, அந்தக் கூலி யார் வீட்டு உலையில் அரிசியாகிறது என்று பார்க்கிறோமா? தாஸ் இரவெல்லாம் பாடிக் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஊர் விட்டு வந்த நாம், ஆண்டுக்கொரு முறையேனும் நம் கைத்தறியாளர் நெய்ததை வாங்கி உடுப்போமாக. தொழிலாலும் பிறப்பாலும் எவரையும் தாழ்த்தாதிருப்போமாக. அவ்விரண்டும் கூடினாலன்றி அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி நிறைவாகாது.