கினுயே ஹிட்டோமி அம்மையார்

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரையில் தூவும் ஆடி மாதத்துக் காலைகளில், நமது குத்துக்கல்வலசைச் சாலையில் பள்ளிச் சிறுமியர் சிலர் ஓடிப் பழகுவதைக் காண்கிறோம். வழிச்செல்வோரில் சிலர் அதனைக் கண்டு மகிழ்வர். வேறு சிலர், பெண்பிள்ளைகளுக்கு இத்துணைத் தூர ஓட்டம் எற்றுக்கு என்று முணுமுணுப்பர். இம்முணுமுணுப்புப் புதியதன்று. உலகத்துப் பெரிய சபைகளிலே ஒரு காலத்தில் இது சட்டமாகவே நின்றது. அச்சட்டத்திற்குக் காரணமாகக் காட்டப்பட்ட ஓட்டத்தில் ஓடி இரண்டாமிடம் பெற்று, 24 வயதிலேயே மறைந்த ஜப்பானியப் பெண்மணி ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

கினுயே ஹிட்டோமி 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியன்று, ஜப்பானின் தென்மேற்கிலுள்ள ஒக்காயாமா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் அவர் முதலில் விரும்பியது டென்னிஸ் விளையாட்டே. பின்னர்த் தாண்டுதலிலும் ஓட்டத்திலும் அவருக்கிருந்த ஆற்றலை ஆசிரியர்கள் கண்டனர். 1924ஆம் ஆண்டில் அவர் டோக்கியோ சென்று, நிக்கைடோ டோக்குயோ அம்மையார் பெண்களுக்கென நிறுவியிருந்த உடற்பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். கல்வி முடிந்தபின் 1926இல் ஒஸாக்கா நகரத்து மைனிச்சிப் பத்திரிகையில் எழுத்தாளராக அமர்ந்தார். பகலில் பேனாவும், மற்றை வேளைகளில் ஓட்டக் களமுமாக அவர் நாட்கள் கழிந்தன.

அக்காலத்தில் ஒலிம்பிக் பந்தயங்களின் ஓட்டக் களம் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே, பிரான்ஸ் தேசத்து ஆலிஸ் மிலியா என்னும் அம்மையார் 1921இல் பெண்களுக்கெனத் தனிச் சங்கம் ஒன்றைக் கண்டு, 1922 முதல் உலகப் பெண்கள் பந்தயங்களை நடத்துவித்தார். அவற்றுள் இரண்டாவது 1926ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரில் நடந்தது. ஆசியாவிலிருந்து அங்குச் சென்றவர் கினுயே ஒருவரே. சைபீரிய ரயிலில் நெடும்பயணம் செய்து சென்ற அந்த 19 வயது மங்கை, நீளத் தாண்டலில் 5.50 மீட்டர் தாண்டி உலக சாதனையோடு முதலிடம் பெற்றார். நின்று தாண்டலிலும் முதல்வரானார். வட்டெறிதலில் இரண்டாமிடமும் 100 கெஜ ஓட்டத்தில் மூன்றாமிடமும் அடைந்தார். அப்பந்தயங்களில் தனியொருவராக மிகுந்த புள்ளிகளை ஈட்டியவரும் அவரே.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய ஒலிம்பிக் பந்தயங்களில், ஓட்டம் தாண்டல் முதலியவற்றிற் பெண்களும் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டனர். அனுமதிக்கப்பட்டவை ஐந்தே பந்தயங்கள். அவ்வாண்டு மே மாதத்தில் 5.98 மீட்டர் தாண்டிக் கினுயே உலக சாதனை நிறுவிய நீளத் தாண்டல் அவ்வைந்தினுள் இல்லை. ஆதலின் 100 மீட்டர் ஓட்டத்தையே அவர் நம்பியிருந்தார். அதிலோ அரையிறுதியோடு வெளியேற நேர்ந்தது. தேசத்தார் தம்மை எத்துணை நம்பி அனுப்பினர் என்பதை எண்ணி மனம் வெதும்பிய அவர், தாம் போட்டியில் ஓடிப் பழகாத 800 மீட்டர் ஓட்டத்தில் இறங்கத் துணிந்தார். அரை மைலுக்குச் சற்றே குறைந்த அத்தூரம் விரைவும் பொறுமையும் ஒருங்கே வேண்டுவது. குறுகிய ஓட்டத்தில் வல்லவர்க்குக் கடைசி நூறு மீட்டர் மிகக் கடியது.

ஆகஸ்டு மாதம் இரண்டாம் தேதி இறுதி ஓட்டம் நடந்தது. ஒன்பது பெண்கள் ஓடினர். முதற் சுற்றிற் பின்தங்கியிருந்த கினுயே, இரண்டாம் சுற்றில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து முன்னேறினார். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு முதலாவது வந்தார். கினுயே 2 நிமிஷம் 17.6 விநாடியில் இரண்டாவதும், ஸ்வீடனின் இங்கா கென்ட்ஸெல் மூன்றாவதும் வந்தனர். கனடா நாட்டு ரோஸன்பெல்ட் என்னும் வீராங்கனையோ, தளர்ந்து தவித்த தம் இளைய தோழியின் பக்கத்தே ஓடி ஊக்கி, அவரை நான்காவதாக முன்விட்டுத் தாம் ஐந்தாவதாக வந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் கினுயேயே. அதே நாளில், அதே களத்தில், ஒடா மிக்கியோ என்பவர் மும்முறைத் தாண்டலில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

இனி நடந்ததே நாம் வருந்தற்குரியது. எல்லைக்கோட்டைக் கடந்ததும் சிலர் களைத்துத் தரையிற் சாய்ந்தனர். கடுமையாக ஓடிய ஆண்மக்களும் அவ்வாறு சாய்வதை எந்த ஓட்டக் களத்திலும் காணலாம். ஆயினும் பத்திரிகைகள் சில இதனைப் பேரிடர்போல் எழுதின. பதினொருவர் ஓடினர் என்றும், ஐவர் பாதியிலே வீழ்ந்தனர் என்றும் ஓர் எழுத்தாளர் வரைந்தார். ஓடியவர் ஒன்பதின்மர், ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர். இப்பொய்யுரையே சான்றாக, பெண்களின் உடல் இதற்கு ஆற்றாது என்று சபையினர் தீர்மானித்து, 800 மீட்டர் ஓட்டத்தை ஒலிம்பிக்கினின்றும் நீக்கினர். 1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் அது மீளும் வரையில், 32 ஆண்டுகள் பெண்கள் அதனை இழந்திருந்தனர். பத்திரிகையிற் பணி செய்த ஒரு பெண்மணி காலால் மெய்ப்பித்ததை, பத்திரிகை எழுதியோர் சிலர் கையால் அழித்தனர்.

கினுயே ஓயவில்லை. உயர்ந்த உடற்கட்டுடைய அவரைப் பெண்ணோ என்று ஐயுற்று ஏளனஞ் செய்தோரும் உண்டு. அதனைப் பொறுத்துக்கொண்டே, தம் பின்வரும் சிறுமியர்க்கு வழி செய்வதிற் கருத்தூன்றினார்; நூல்களும் எழுதினார். 1930இல் பிராக் நகரத்துப் பெண்கள் பந்தயங்களுக்குத் தனியே செல்லாமல், பொருள் திரட்டி இளம்பெண்கள் சிலரையும் உடனழைத்துச் சென்றார். அங்கு நீளத் தாண்டலில் மீண்டும் முதலிடம் பெற்றார். பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இடைவிடாது போட்டியிட்டுத் திரும்பினார். திரும்பிய பின்னும் சொற்பொழிவு, எழுத்து, நன்றி கூறல் என ஓய்வின்றி உழைத்தமையால் உடல் நலிந்தது. 1931ஆம் ஆண்டு நுரையீரல் நோய் கண்டு, ஒஸாக்காவில் ஆகஸ்டு மாதம் இரண்டாம் தேதி உயிர் நீத்தார். ஆம்ஸ்டர்டாம் ஓட்டம் நடந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த நாள் அது.

அவருக்குப்பின் ஜப்பானியப் பெண்ணொருத்தி ஓட்டக் களத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற 64 ஆண்டுகள் ஆயின. 1992இல் பார்ஸிலோனாவில் மாரத்தான் ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்ற யூக்கோ அரிமோரியும் ஒக்காயாமாவிற் பிறந்தவரே. நமது பாரத நாட்டிலும், கீதா ஜுட்ஷி 1978இல் பாங்காக் ஆசியப் பந்தயங்களில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். புதுக்கோட்டைச் சீமைத் தமிழ்மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹாவில் அதே ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தும், பெண்மைச் சோதனையின் பேரால் பதக்கத்தை இழந்தார். கினுயே கேட்ட ஏளனம் முக்கால் நூற்றாண்டு கழிந்தும் ஓயவில்லை என்பது இதனால் விளங்கும்.

இச்சரிதத்தினின்றும் நம் மாணவ மாணவியர் கொள்ளத்தக்கன இரண்டு. நம்பியது கைவிட்டபோது நாற்காலியில் அமர்ந்து அழாமல், பழகாத பாதையிலும் இறங்கிப் பார்த்த துணிவு ஒன்று. கண்ணாற் காணாததை எழுதுவோர் ஒரு தலைமுறையின் வழியையே அடைத்துவிடக் கூடும் என்னும் எச்சரிக்கை மற்றொன்று. நாளை எழுதுகோல் ஏந்துவோர் இதனை மறவாதிருப்பாராக. தூய பவுலடியார் பக்தரின் வாழ்வைப் பந்தய ஓட்டத்திற்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். கினுயே அம்மையார் தம் ஓட்டத்தை விரைந்து முடித்தார். எனினும் முழுவதும் முடித்தார். சாரல் நனைக்கும் சாலையில் ஓடும் நம் சிறுமியரை இனிக் காணுங்கால், முணுமுணுப்பை விடுத்து, சற்றே விலகி வழிவிடுவோமாக.