திண்டிவனத்திலிருந்து ஓமக்குளம் வரை: சுவாமி சகஜானந்தர்

மனித உரிமைக் கல்விப் பயணமாகச் சட்ட மாணவர்களை விழுப்புரம் வட்டாரத்துக்கு அழைத்து வருகிறோம். திருவாமாத்தூரில் தொடங்கினாலும் திண்டிவனத்தில் முடித்தாலும், பெரும்பாலும் வன்கொடுமைகளைப் பற்றிக் கேட்டறிந்தே அவர்கள் திரும்புகின்றனர். இதே வட்டாரத்தில் படித்த ஒருவர் எழுப்பிய பள்ளியை அவர்கள் கண்டதில்லை. இது பயணத்தை வகுக்கும் எங்கள் குறை.

1890 ஜனவரி 27 அன்று ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் பயின்றார். மதமாற்றம் ஒடுக்கப்பட்டோர் பலருக்கு விடுதலையாக அமைந்தது. அவருக்கோ அது நிர்ப்பந்தமாக வந்தது. மறுத்தார், படிப்பு பாதியில் நின்றது. பெற்றோருடன் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வட தமிழகத்துச் சேரி மக்கள் திரளாகச் சென்று நிலத்தடியில் உழைத்த சுரங்கங்கள் அவை. பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் பயின்று சகஜானந்தரானார்.

1910இல் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீயில் மூழ்கித் தூய்மையடைந்த பின்னரே தில்லைக்குள் ஏற்கப்பட்டார் எனப் புராணம் கூறும் ஊர் அது. அவ்வூரில், அப்பெயரிலேயே, 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தீண்டாமையால் பிற பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் அங்குத் தங்கிப் படித்தனர். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் அவர்களுக்காக வாதாடினார். 1959 மே 1 அன்று மறைந்தார்.

பள்ளி ஓமக்குளத்தில் இன்றும் நடைபெறுகிறது. அடுத்த பயணத்தில் அதற்கென ஒரு முழுநாளை ஒதுக்கியுள்ளோம்.